ஏகாம்பரம் கையில் மருதாணி

கும்பகோணத்துக்குக் கிழக்கே, காவிரிக் கரையில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதற்கு மதில் கிடையாது. அங்கே பாடம் பாதி, வேலை பாதி. ஒவ்வொரு வகுப்பும் வருஷத்துக்கு ஒரு பெரிய காரியத்தைக் கூடிச் செய்து முடிக்க வேண்டும் என்பது வழக்கம். ஒரு வகுப்பு கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டும். இன்னொரு வகுப்பு வைக்கோலில் பந்தல் வேயும்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் குரு தையல்நாயகி. எல்லோரும் அவரை அம்மா என்றே கூப்பிட்டார்கள், அவரைவிட மூத்தவர்கள்கூட.

அப்படி மூத்தவர்களில் ஒருவர் ஏகாம்பரம். கோயம்புத்தூர்ப் பக்கம் வெகுகாலம் வாத்தியாராக இருந்தவர். ஒருநாள், தனக்கு இன்னும் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை என்று அவருக்கே தோன்றிவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் சீடராகச் சேர்ந்தார். குருவைவிடப் பத்து வயது பெரிய சீடர். அதை இருவரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

ஏகாம்பரம் நல்ல மனுஷர். தொந்தரவே அதுதான். ஒரு பிள்ளை திணறுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இடுப்பில் எப்போதும் ஒரு சுருக்குப் பை தொங்கும். அதில் ஆணி, நூல்கண்டு, ஊசி, சின்னக் கத்தி என்று சகலமும் இருக்கும். செருப்பு வார் அறுந்ததைப் பிள்ளை கவனிப்பதற்குள் ஐயா குனிந்து தைத்துக்கொண்டிருப்பார். ஒரு பிள்ளை கணக்கில் கொஞ்சம் யோசித்தால் போதும், விக்கல் மாதிரி பதில் அவர் வாயிலிருந்து வந்துவிடும்.

அதனால் அவர் வகுப்பில் பொழுதுக்கும் ஒரே பேச்சுதான் கேட்கும்.

"ஐயா, சரியா?"

ஒரு கோடு போட்டால் "ஐயா, சரியா?" ஜன்னலைத் திறந்தால் "ஐயா, சரியா?" தண்ணீர் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து வைத்தாலும் "ஐயா, சரியா?"

"சரி கண்ணு" என்பார் ஏகாம்பரம். மனம் குளிர்ந்துதான் சொல்வார்.

அவருக்கு ஒரு பெரிய ஆசை இருந்தது. ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு அம்மா ஆற்றங்கரையோடு கிழக்கே நடப்பார், கடல் வரை. கூட ஒரே ஒரு ஆசிரியரை அழைத்துப் போவார். போய் வந்தவர்கள் என்னவோ ஒரு தினுசாக மாறித்தான் வந்தார்கள். ஆனால் வழியில் என்ன நடந்தது என்று யாரும் வாய் திறப்பதில்லை. போன வருஷம் மரியபுஷ்பம் டீச்சர் போய் வந்தார். ஏகாம்பரம் அவரை மடக்கிப் பிடித்துக் கேட்டார்.

"அம்மா கூட நடக்கறது எப்படி இருந்துச்சுங்க?"

"சிரமம்தான்" என்று சொல்லிவிட்டு மரியபுஷ்பம் விழுந்து விழுந்து சிரித்தார். காலில் கொப்புளம் வந்ததைச் சொல்கிறார் என்று ஏகாம்பரம் நினைத்துக்கொண்டார். அதற்குப் போய் ஏன் சிரிக்க வேண்டும் என்பது மட்டும் விளங்கவில்லை.

இந்த வருஷம் ஆடி பிறந்ததுமே அவர் அம்மாவிடம் போய் நின்றார்.

"இந்தத் தடவை நான் வரட்டுங்களாம்மா?"

"வாங்க. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

"வருஷா வருஷம் அப்படித்தானுங்க சொல்றீங்க. கடைசியில வேற ஆளோட போயிடறீங்க."

"நீங்க கிளம்பினா உங்க வகுப்புப் பிள்ளைங்க சாயங்காலத்துக்குள்ள அழுதுடும். சொம்பைக் கவுத்து வைக்கிறதா நிமிர்த்தி வைக்கிறதான்னு யாரைப் போய்க் கேட்கும்?"

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார்.

"இந்த வருஷம் பெருக்குக்குச் சப்பரம் செய்றது உங்க வகுப்பு" என்றார் அம்மா. "பிள்ளைங்களே பேசி, பிள்ளைங்களே செஞ்சு, பிள்ளைங்களே ஆத்துக்கு இழுத்துட்டுப் போகட்டும். உங்க கை படக் கூடாது. அப்படி ஒரு காரியத்தை அதுங்க முடிச்சிட்டா, அங்கிருந்தே நாம கிளம்பிடலாம்."

"என் கை படாதுங்கம்மா" என்றார் ஏகாம்பரம். மனதாரத்தான் சொன்னார், பாவம்.

ஆடிப்பெருக்கன்று சின்னச் சப்பரம் கட்டி ஆற்றுக்கு இழுத்துப் போவது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய கொண்டாட்டம். வீட்டுக்கு வீடு கையகலச் சப்பரம் இருக்கும். பள்ளிக்கூடத்துச் சப்பரம் மட்டும் ஒரு குழந்தையை உட்கார வைக்கிற அளவு பெரிது. அந்த வருஷம் வெள்ளம் கரை தொட்டு ஓடியது. பிள்ளைகளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

வகுப்பு நான்கு குழுவாகப் பிரிந்தது. குழுவுக்கு ஒரு சக்கரம், அது போக ஒன்றுக்கு அச்சு, ஒன்றுக்குத் தட்டு, ஒன்றுக்குக் கூண்டு, ஒன்றுக்கு வடம். பழைய பெட்டிப் பலகையில் சக்கரம் அறுப்பது என்று முடிவாயிற்று. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அளவையும் பேசினார்கள். குறுக்களவு இரண்டு சாண் என்று கோமளா சொன்னாள். எல்லோரும் சரி என்றார்கள். கோமளா நல்ல கூர்மையான பெண். அவள் சொன்னால் வகுப்பு கேட்கும்.

ஏகாம்பரம் ஜன்னலுக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நிற்க நிற்க அவருக்கு வியர்த்தது.

ஒரு குழுவில் அளந்தவன் தென்னரசு. அவனுக்கு வாழையிலை மாதிரிக் கை. இன்னொரு குழுவில் அளந்தவள் அஞ்சுகம். வகுப்பிலேயே குட்டிப் பெண். இருவரும் சுத்தமாக இரண்டு சாண் அளந்தார்கள். இருவரும் அக்கறையாகக் கரிக்கோடு போட்டார்கள். மற்ற இரண்டு குழுவும் அப்படியே. நான்கு சக்கரமும் நான்கு அளவு.

ஏகாம்பரம் அம்மாவிடம் ஓடினார்.

"அம்மா, அளவு தப்பிடுச்சுங்க. நாலும் நாலு தினுசு. சப்பரம் நொண்டும்."

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அப்படியா?" என்றார்.

"போய் ஒரு வார்த்தை சொல்லட்டுங்களா?"

"சப்பரம் யாரோடது?"

"பிள்ளைங்களோடதுங்க."

"நொண்டினா அதுங்களுக்குத் தெரியாமலா போயிடும்?" என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த கட்டுக் கீரையை எடுத்தார்.

ஏகாம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போனார்கள். வகுப்பு காலியாகக் கிடந்தது. தென்னரசு குழுவின் பெரிய சக்கரம் சுவரில் சாய்ந்திருந்தது. ரம்பம் பக்கத்திலேயே இருந்தது. கொஞ்சம் ஓரத்தைச் சீவிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தார். பிள்ளைகளின் உழைப்பு வீணாகிவிடக் கூடாதே என்ற தவிப்பைத் தவிர அவர் மனதில் வேறொன்றும் இல்லை. ரம்பத்தை எடுத்தார். ஒரு துண்டு அறுந்து விழுந்ததுமே பேச்சுச் சத்தம் கேட்டது. ரம்பத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, வேட்டியில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

கோமளா உள்ளே வந்ததும் தரையைத்தான் பார்த்தாள். புதிதாய் மரத்தூள். சக்கரத்தில் ஒரு பக்கம் வட்டம் போய்த் தட்டையாக இருந்தது.

"ஐயா கை வச்சிருக்காங்க" என்றாள்.

தென்னரசு சக்கரத்தைத் தூக்கிப் பார்த்தான். அவனுக்குக் கோபம் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது.

"அப்ப மிச்சத்தையும் ஐயாவே செஞ்சிடுவாங்க. வாங்கடா, கோலி விளையாடலாம்."

கொஞ்ச நேரத்தில் வகுப்பே வேப்பமரத்தடியில் இருந்தது. ரம்பமும் பலகையும் போட்டது போட்டபடி கிடந்தன. ஏகாம்பரம் "வாங்க கண்ணுகளா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். "நீங்க செய்ங்கய்யா, நல்லா வரும்" என்று அஞ்சுகம் அன்பாகச் சொல்லிவிட்டுக் கோலியைக் குறி பார்த்தாள்.

அம்மா அந்த வழியாக வந்தார். காலி வகுப்பைப் பார்த்தார். வேப்பமரத்தடியைப் பார்த்தார். ஏகாம்பரத்தின் வேட்டியில் மிச்சமிருந்த மரத்தூளையும் பார்த்தார்.

"பட்டறை இன்னைக்கு லீவா?"

ஏகாம்பரம் பொத்தென்று படியில் உட்கார்ந்தார். இந்த வருஷமும் போயிற்று.

"அம்மா, எனக்குப் புரியலீங்க. பிள்ளைங்க தப்புப் பண்றது கண்ணுக்கு நேராத் தெரியுது. பார்த்துட்டுச் சும்மா இருக்கறதுதான் வாத்தியார் வேலைங்களா?"

அம்மா கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

மறுநாள் காலை ஏகாம்பரம் வகுப்புக்குக் கிளம்பும்போது அம்மா ஒரு கிண்ணத்தோடு வந்தார். அதில் அரைத்த மருதாணி.

"ஆடி மாசம். கையை நீட்டுங்க."

"எனக்குங்களா?"

"உங்களுக்குத்தான்."

குரு சொல்லிவிட்டால் சீடர் கை நீட்ட வேண்டியதுதான். உள்ளங்கை நிறைய அப்பினார் அம்மா. பத்து விரல் நுனியிலும் தொப்பி வைத்தார். ஏகாம்பரம் இரண்டு கையையும் முன்னால் தூக்கிக்கொண்டு, கலியாணப் பெண் மாதிரி நின்றார்.

"காயற வரைக்கும் எதையும் தொடக் கூடாது. இப்ப வாயைத் திறங்க."

திறந்தார். அம்மா ஒரு பெரிய கமர்கட்டை உள்ளே போட்டார். கன்னம் ஒரு பக்கம் உப்பிக்கொண்டது.

"கடிக்காதீங்க. மெல்லக் கரையட்டும். போய் வகுப்புல உட்காருங்க."

அந்தக் கோலத்தில் ஏகாம்பரம் வகுப்புக்குள் நுழைந்தபோது எழுந்த சிரிப்பு அக்கரைக்கே கேட்டிருக்கும். பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று முன்னும் பின்னும் பார்த்தார்கள். அஞ்சுகம் அவர் கையைத் தொடாமல் முகர்ந்து பார்த்து, "நல்லாச் சிவக்கும்யா" என்று உறுதி சொன்னாள். அவருக்கே சிரிப்பு வந்தது. கமர்கட்டோடு சிரிக்கவும் முடியவில்லை.

சிரித்து ஓய்ந்த பிறகு தென்னரசு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஐயா, மிச்சத்தை அறுத்துத் தர்றீங்களா?"

ஏகாம்பரம் இரண்டு கையையும் காட்டினார். "ம்ம்" என்றார்.

தென்னரசு கையைப் பார்த்தான், கன்னத்தைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான். பிறகு திரும்பிக் கோமளாவிடம் சொன்னான்: "ஐயாவால முடியாது."

"அப்ப யாரு செய்றது?"

"நாமதான்."

கீழே கிடந்த ரம்பத்தை ஒரு பிள்ளை எடுத்தது.

அச்சில் நான்கு சக்கரத்தையும் கோத்துத் தட்டை ஏற்றினார்கள். சப்பரம் ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. தள்ளினார்கள். இரண்டடி நொண்டிப் போய்க் குப்புறச் சாய்ந்தது. வகுப்பில் கூச்சல். நீதான் தப்பா அளந்தே, நான் சரியாத்தான் அளந்தேன், ரெண்டு சாண்தான், எண்ணிப் பாரு. ஏகாம்பரத்துக்கு நாக்கு நுனியில் பதில் துடித்தது. கமர்கட்டு அதை அந்தப் பக்கம் தள்ளியது. மூக்கு வேறு அரித்தது. சொறிந்துகொள்ளவும் வழியில்லை.

அஞ்சுகம் அவர் முன்னால் வந்து நின்றாள். "ஐயா, எங்க சக்கரம் சரியா?"

அவர் அவளைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. தலையை ஆட்டாமல் இருப்பது அவ்வளவு பெரிய வேலை என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அஞ்சுகம் காத்திருந்தாள். பதில் வரவில்லை. அவளாகத் திரும்பிப் போனாள். தென்னரசின் பெரிய சக்கரத்தின் மேல் தன் கையை விரித்து வைத்து அளந்தாள். முகம் சுருங்கியது.

"இது ரெண்டு சாண் இல்லடா. ரெண்டரைக்கு மேல போகுது."

"உன் கையால அளந்தா?"

"பின்ன உன் கையாலயா அளப்பேன்?"

சொல்லிவிட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தென்னரசு மெதுவாகக் கையை விரித்தான். அஞ்சுகம் தன் கையை அதன் மேல் வைத்தாள். அவள் விரல்கள் அவனுடைய பாதி விரல் வரைதான் எட்டின. அவ்வளவுதான். அடுத்த நொடி வகுப்பு முழுக்கக் கையோடு கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது, சிரித்துக்கொண்டு.

கோமளா சிரிக்கவில்லை. தன் தலையில் தட்டிக்கொண்டு ஓடிப் போய், ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து வந்தாள். "இனிமே எல்லாருக்கும் இதுதான் சாண்."

மறுபடி சக்கரம் அறுக்கப் பலகை இல்லை. வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். பெரியது இரண்டையும் குச்சியால் அளந்து ஒன்றுக்கொன்று சரியாக்கிப் பின்னால் மாட்டுவது, சின்னது இரண்டையும் அப்படியே செய்து முன்னால் மாட்டுவது என்று முடிவாயிற்று.

"முன்னால சரிஞ்சு நிக்குமே?" என்றது ஒரு குரல்.

"ஆத்தைப் பார்த்துக் கும்பிடற மாதிரி இருக்கட்டும்" என்றான் தென்னரசு. எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று.

ஐயா அறுத்துத் தட்டையாக்கிய பக்கம்தான் சங்கடம் பண்ணியது. அதை எப்படிச் செதுக்கியும் வட்டமாக்க முடியவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் சப்பரம் தடக்கென்று ஒரு குதி குதித்தது. ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். கமர்கட்டு எப்போதோ கரைந்துவிட்டது. அவர்தான் வாயைத் திறக்கவில்லை.

அஞ்சுகம் வெளியே ஓடி, எங்கிருந்தோ ஒரு ஆட்டு மணியை வாங்கி வந்து கூண்டின் உச்சியில் கட்டினாள்.

"குதிக்கும்போதெல்லாம் அடிக்கும்" என்றாள்.

பெருக்கு வரை தினமும் காலையில் அம்மா கிண்ணத்தோடு வந்தார். நிறம் பற்றவில்லை என்பார். ஏகாம்பரம் கையை நீட்டுவார். கடைசி நாள் கமர்கட்டு தரவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஆடிப்பெருக்கன்று காலை சப்பரம் புறப்பட்டது. தலை தாழ்த்திக் கும்பிட்டுக்கொண்டே போனது. சுற்றுக்கு ஒரு தடக், தடக்குக்கு ஒரு மணி. தெருவில் மற்ற பிள்ளைகளெல்லாம் தங்கள் சப்பரத்தை விட்டுவிட்டு இதன் பின்னால் ஓடி வந்தார்கள். இப்படித் தானே மணியடித்துக்கொண்டு போகிற சப்பரத்தை அந்த ஊர் பார்த்ததில்லை. ஏகாம்பரமும் சிவந்த கைகளை வீசிக்கொண்டு ஓடினார். வேட்டி தடுக்கியது. அவ்வளவு சந்தோஷமாக அவர் ஓடி வெகுகாலம் ஆகியிருந்தது.

ஆற்றுச் சரிவில் சப்பரம் நின்றது. கடையாணி ஒன்று கழன்று எங்கோ விழுந்துவிட்டது. சக்கரம் வெளியே வரப் பார்த்தது. ஏகாம்பரத்தின் கை தானாகச் சுருக்குப் பைக்குப் போனது. ஆணியை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி உள்ளே போய்க் குனிந்தார்.

கோமளா தரையில் படுத்துச் சக்கரத்தைப் பிடித்திருந்தாள். தென்னரசு தன் சட்டைப் பையிலிருந்து புதுக் கடையாணியை எடுத்தான். கழன்றால் போட என்று முன்னாலேயே செதுக்கி வைத்திருந்தார்கள். கோமளா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா" என்றாள்.

"என்ன கண்ணு?"

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா. வெளிச்சம் மறைக்குது."

ஏகாம்பரம் தள்ளி நின்றார். கையில் இருந்த ஆணியை மறுபடியும் பைக்குள் போட்டார். நெஞ்சுக்குள் ஒன்று குத்தியது. அதே இடத்தில் ஒன்று இனித்தது. எதற்கு முதலில் இடம் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

பின்னால் அம்மா தோளில் துணிப்பையோடு நின்றார்.

"கிளம்பலாமா?"

"பிள்ளைங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேனுங்க."

போனார். பிள்ளைகள் சப்பரத்தைக் கரையில் நிறுத்திவிட்டு, எலுமிச்சைச் சோறு முதலில் யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "நான் போயிட்டு வர்றேன் கண்ணுகளா" என்றார். "போயிட்டு வாங்கய்யா" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மீதிப் பேர் வாயில் சோறு இருந்தது. அஞ்சுகம் மட்டும் ஓடி வந்து, அவர் உள்ளங்கையை விரித்துப் பார்த்து, "சொன்னேன்ல, நல்லாச் சிவந்திருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள்.

இருவரும் கிழக்கே நடந்தார்கள். வெகுதூரம் வரை மணி கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. ஏகாம்பரம் பலமுறை திரும்பிப் பார்த்தார்.

ஒரு மதகுக்கு அப்பால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது. பாதையும் இரண்டாகப் பிரிந்தது. புது வெள்ளத்தில் இரண்டும் ஒரே அகலமாக, ஒரே வேகமாக ஓடின. எது ஆறு, எது வாய்க்கால் என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லத் தெரியாது.

"எந்தப் பக்கமுங்கம்மா?"

அம்மா மதகுச் சுவரில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"தெரியலையே."

"வருஷா வருஷம் போறீங்களேம்மா."

"போறேன். கூட வர்றவங்கதான் வழி கண்டுபிடிப்பாங்க."

ஏகாம்பரத்துக்கு மரியபுஷ்பம் டீச்சரின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. அவர் இரண்டு பாதையையும் பார்த்தார். தண்ணீர் ஓடுவதைப் பார்த்தார். கடைசியில் வலப்பக்கம் கை காட்டினார்.

"இப்படிப் போலாமுங்க" என்றார். இரண்டடி வைத்தவர் நின்றுவிட்டார். பழக்கம் விடவில்லை.

"அம்மா, சரிங்களா?"

அம்மா பையிலிருந்து ஒரு கமர்கட்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

ஏகாம்பரம் மறுபடியும் வலப்பக்கப் பாதையைப் பார்த்தார்.

"தப்பான வழியாப் போயிடுச்சுன்னா என்னங்க பண்றது?"

அம்மா கமர்கட்டை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார்.

"போன வருஷம் பூம்புகாருக்குன்னு கிளம்பி, மரியபுஷ்பம் என்னைத் தரங்கம்பாடியில கொண்டுபோய் நிறுத்தினாங்க" என்றார். "அங்கேயும் கடல் இருந்தது."